காகிதத்தை மடித்தால் கணக்கு வரும்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை காலையில், தொடக்கநிலை 4, 5, 6 படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் பையில் பயிற்சிப் புத்தகம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றதெல்லாம் கத்தரிக்கோல், ஒரு பக்கம் அச்சான ஏ4 தாள், சில்லறைக் காசு. அதைப் பார்த்ததும் சில பெற்றோருக்கு முகம் மாறும். “டீச்சர், இதெல்லாம் பாலர் பள்ளிக்குத்தானே? இவளுக்கு அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ தேர்வு!” என்பார்கள். அவர்களுக்கு அங்கே நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கணக்கை முதலில் கையால் தொட வேண்டும், பிறகு படமாக வரைய வேண்டும், அதன் பிறகுதான் எண்ணாக எழுத வேண்டும். நம் ஊர்ப் பாடத்திட்டமே இந்த வரிசையில்தான் நிற்கிறது. இதன் வேர் 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் எழுதியவற்றில் இருக்கிறது. இங்கே 1980ல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைந்தபோது, டாக்டர் கோ டெக் ஹாங் தலைமையில் ஒரு குழு தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடநூல்களை எழுத உட்கார்ந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘மொத்தம்’ என்று கண்டால் கூட்டுவார்கள், ‘மீதி’ என்று கண்டால் கழிப்பார்கள். அந்தச் சொல் இல்லாத கணக்கு வந்தால் பென்சில் நின்றுவிடும். அதற்கு மருந்தாக வந்ததுதான் நீளநீளமாகக் கட்டம் போடுகிற ‘மாடல்’ முறை. 1995ல் டிம்ஸ் என்ற உலக ஆய்வில் சிங்கப்பூர் கணக்கில் முதலிடம் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு பல நாடுகள் நம் பாடநூலை வாங்கிப் பார்த்தன.

அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். தொடக்கநிலை 5 வந்ததும் பல வீடுகளில் கையால் தொடும் முதல் படி காணாமல் போகிறது. மாடலையே சூத்திரம்போல மனப்பாடம் செய்கிறார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். சமையல் வேலை இருந்தால் அடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மா தேக்கா சந்தைக்குப் போகிறார். கையில் இருந்த பணத்தில் 5ல் 2 பங்குக்கு மீன் வாங்கினார். மீதியில் 3ல் 1 பங்குக்குப் பூ வாங்கினார். கடைசியில் 12 வெள்ளி மிச்சம். முதலில் எவ்வளவு இருந்தது?

என் வகுப்பில் பாதிப் பேர் 45 வெள்ளி என்பார்கள். இரண்டு பின்னங்களையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ‘மீதியில்’ என்ற சொல் கண்ணில் படுகிறது, கைக்கு வரவில்லை.

இப்போது கத்தரிக்கோலை எடுப்போம். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டரை நறுக்கி எறிந்துவிட்டு, 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் 5 பங்கு. மீனுக்கு 2 பங்கைக் கிழித்து மேசை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். கையில் இருப்பது 3 பங்கு. அதில் 3ல் 1 எது? ஒரே ஒரு துண்டு. அதுவும் பூவுக்குப் போகட்டும். மிச்சம் 2 துண்டு, 12 வெள்ளி. ஒரு துண்டு 6, ஐந்து துண்டு 30.

கிழித்த மீன் துண்டு கண்ணெதிரே தனியாகக் கிடப்பதால், பூவுக்கான பங்கை முழுப் பட்டையிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. இதை நான் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அடுத்து, மீதியில் பாதிக்குப் பூ வாங்கினார் என்று மாற்றிப் போடுவேன். 3 துண்டில் பாதி எப்படி? ஒரு பெண் நடுத்துண்டை மடித்துப் பார்த்தாள். பிறகு தானாகவே எல்லாத் துண்டுகளையும் இரண்டிரண்டாக மடித்துவிட்டு, “டீச்சர், இப்போ பத்து ஆயிடுச்சு” என்றாள். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது அவ்வளவுதான். அந்த 12 வெள்ளி இப்போது 10ல் 3 பங்கு, முழுத் தொகை 40. அதன் பிறகே நோட்டில் மாடல் வரைகிறோம். அப்போது அந்தக் கட்டம் அவள் மடித்த காகிதத்தின் படம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பாதிப் பேர் பொறியாளர்கள், தெரியும். உடனே “எக்ஸ்னு வெச்சுக்கோடா” என்று ஆரம்பிப்பீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் அப்பா போட்ட எக்ஸையும் பள்ளியில் வரைந்த மாடலையும் ஒரே பக்கத்தில் கலந்து வைத்திருந்தான். இரண்டுமே சரி, ஆனால் அவனுக்கு இரண்டுமே புரியவில்லை. கொஞ்சம் பொறுங்கள் சார். நாளைக்கு அந்தக் கட்டமே எக்ஸ் ஆகப்போகிறது.

தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு வட்டம் வரும். 2013ல் வெளிவந்த ஒரு வெள்ளிக் காசின் குறுக்களவு 24.65 மில்லிமீட்டர். அதில் ஓரிடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, மேசைமேல் நழுவாமல் 10 சுற்று உருட்டுங்கள். ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் போகும். அதே காசுகள் பத்தை வரிசையாக அடுக்கினால் 25 சென்டிமீட்டர்கூட வராது. உருட்டிய நீளத்தை அடுக்கிய நீளத்தால் வகுத்துப் பாருங்கள், 3.14 பக்கத்தில் வரும். பிறகு வீவக கட்டடம் பொறித்த சின்ன 10 காசில் செய்யச் சொல்லுங்கள். அதே 3.14 பக்கத்தில் வந்து நிற்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் காண வேண்டுமே!

நேரம் ஓடிவிட்டது, வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதவீதத்துக்கு 2024 முதல் 9 சதவீதமாக இருக்கும் பொருள் சேவை வரியும் கடை ரசீதுமே போதும். முக்கோணத்தின் பரப்புக்கு ஒரு செவ்வகத் தாளை மூலைக்கு மூலை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். பயிற்சிப் புத்தகத்தில் உங்கள் பிள்ளை தப்பாகப் போட்ட பின்னக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பட்டையை வெட்டிக் கையில் கொடுங்கள். பத்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.