நோவு தீர்க்கும் கை

(நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களுக்கான உடல்நல உரையின் எழுத்து வடிவம்)



பால் வெட்டும் தொழில் உடலை வருத்தும் தொழில் என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொழுது புலருமுன் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு நிரையில் இறங்குகின்றவருக்கு ஒரு வெட்டில் 500 மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் குறைந்தது 500 முறை உளியை இழுக்கிறார். பின்னர் மங்கில் சேர்ந்த பாலை எடுக்க மீண்டும் 500 முறை குனிந்து நிமிர்கிறார். வெட்டுப்பட்டை தாழ்வாக இருந்தால் இடுப்பு வளைகிறது. உயரமாக இருந்தால் கழுத்து அண்ணாந்து நோகிறது. ஒரு லிட்டர் ரப்பர்ப் பால் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. ஆகவே 20 லிட்டர் வாளிகள் இரண்டைக் காண்டாவில் மாட்டிச் சுமப்பவரின் தோளில் 40 கிலோ எடை அமர்கிறது. இன்று பல இடங்களில் மோட்டார் சைக்கிள் பால் சுமக்கிறது என்பது உண்மையே. எனினும் குன்றுச் சரிவுகளில் தோளே துணை.

இவ்வாறு உழைத்துக் களைத்த உடல், மாலையில் ஒரு கையை நாடுகிறது. "கொஞ்சம் பிடித்துவிடு" என்று மனைவியிடமோ மகனிடமோ கேட்காத இல்லம் ஏது? சுளுக்கு விழுந்தால் லயத்தில் கைப்பழக்கம் உள்ள பெரியவரிடம் செல்கிறோம். அல்லது பக்கத்துக் கம்பத்தில் உருட் செய்யும் மலாய்க்கார அம்மையாரை அழைக்கிறோம். இது நம் முன்னோர் வழி, நல்ல வழியும்கூட. ஆனால் எந்த நோவுக்கு எந்தக் கை ஏற்றது, எந்த நோவின்மேல் எவர் கையும் படலாகாது என்னும் இரண்டையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வுரையின் நோக்கம் அதுவே.

பிடித்துவிடுவதால் நிகழ்வது என்ன?

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தசை இறுகிப்போகிறது. அதனை அளவாக அழுத்தி நீவும்போது தோல் வெதுவெதுப்படைகிறது. தசையின் இறுக்கம் தளர்கிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தூண்டப்படுவதால் வலியின் உணர்வு மட்டுப்படுகிறது. மூச்சு சீராகிறது, மனம் அமைதியுறுகிறது, உறக்கம் வருகிறது. இடுப்பு வலிக்கு இம்முறை சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஆறுதல் தரும். ஆனால் நீண்ட காலப் பயனுக்கு உடற்பயிற்சியும் சரியாகக் குனிந்து நிமிரும் பழக்கமும் உடன் வேண்டும்.

தேய்த்துவிட்டால் உடலில் உள்ள நஞ்செல்லாம் வெளியேறும் என்று சிலர் கூறுவர். அவ்வாறு கூறி விற்கப்படும் எண்ணெய்க்குப் பணத்தை இறைக்க வேண்டாம். கடும் உழைப்பினால் தசையில் சேரும் அமிலம் ஓரிரு மணி நேரத்திற்குள் தானாகவே அகன்றுவிடும். கழிவை அகற்றும் வேலையைச் செய்ய நமக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் உள்ளன.

நம் மரபில் வந்த முறைகள்

சித்த மருத்துவத்தில் இக்கலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பதாகப் பகுத்துள்ளனர். இவற்றுள் பிடித்தலும் மெல்ல அழுத்தலும் வீட்டில் எவரும் செய்யத்தக்கவை. முறுக்கலும் இழுத்தலும் பயின்றவர் கைக்கு உரியவை. பெயர்களைக் கேட்டாலே இந்த வேறுபாடு விளங்கும்.

வர்மம் என்பது இன்னும் நுட்பமானது. உடலில் 12 படுவர்மங்களும் 96 தொடுவர்மங்களுமாக 108 இடங்கள் உண்டு என்பது அம்மரபின் கணக்கு. கன்னியாகுமரி வட்டாரத்தில் ஆசான்களிடம் பல்லாண்டு தங்கிப் பயின்றே இக்கலையைக் கற்றனர். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்று வர்ம சிகிச்சை மருத்துவர்களால் அளிக்கப்படுகிறது. ஆதலால் ஒளிப்படத்தைப் பார்த்துப் பழகியவரிடம் வர்மம் என்று கழுத்தைக் கொடுத்தல் தகாது.

ஆயுர்வேதத்தில் உடல் முழுதும் வெதுவெதுப்பான எண்ணெயிட்டு நீவுவதை அப்யங்கம் என்பர். நெற்றியில் இடைவிடாது எண்ணெயை ஒழுகவிடுவது சிரோதாரா. முன்னது நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலாக இன்றும் வாழ்கிறது. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும்; கையின் உராய்வைக் குறைப்பதே எண்ணெயின் முதல் வேலை.

அண்டை வீட்டாரின் முறைகள்

மலாய் மக்களின் உருட் முறையில் பெருவிரலாலும் உள்ளங்கையாலும் தசைநாரைத் தொடர்ந்து நீண்ட இழுப்பாக அழுத்திச் செல்வர். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உருட் செய்து, துங்கு எனப்படும் சூடேற்றிய கல்லால் ஒத்தடம் கொடுத்து, பெங்கோங் என்னும் நீண்ட துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவது அவர்களின் பேறுகால வழக்கம். நம் தோட்டத்துத் தாய்மாரும் இம்முறையைக் கைக்கொண்டு வந்துள்ளனர். இனம் பாராமல் ஒருவர் கைத்திறனை ஒருவர் நம்பியது நம் நாட்டு வாழ்வின் சிறப்பு.

சீனரின் துயினா முறையில் உருட்டுதலும் தள்ளுதலும் சிறப்பிடம் பெறுகின்றன. தாய்லாந்து முறையில் எண்ணெய் இல்லை. பாயில் படுக்கவைத்துக் கைகால்களை வளைத்து நீட்டி அழுத்துவர். இதனை 2019-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. ஐரோப்பாவில் ஸ்வீடன் நாட்டவரான பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். ஹாலந்து நாட்டு மருத்துவர் மெட்ஸ்கர் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்னும் பாகுபாட்டைப் பரப்பினார். மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளர் கையாளும் தசைப்பிடிப்பு முறைகள் பலவும் இந்த வழியில் வந்தவை.

உள்ளங்காலை அழுத்தும் முறையும் இன்று பரவலாக உள்ளது. நாள் முழுதும் நடந்த காலுக்கு அது இதமளிக்கும். ஆனால் பாதத்தின் ஓரிடத்தை அழுத்திக் கல்லீரல் நோயையோ இதய நோயையோ கண்டுபிடிக்கலாம் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

கை படலாகாத இடங்கள்

நண்பர்களே, இப்பகுதியைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம்.

மழை பெய்து நனைந்த சரிவில் ஒருவர் பால் வாளியுடன் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. சுளுக்குத்தான் என்று எண்ணி வீட்டில் எண்ணெயிட்டு இழுத்துவிடுகின்றனர். மூங்கில் பற்றை வைத்து இறுகக் கட்டுகின்றனர். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பு முறிந்த முனையை நகர்த்தி நரம்பையும் இரத்தக் குழாயையும் காயப்படுத்தும். கட்டு இறுகினால் விரல்களுக்கு இரத்தம் செல்லாது. கை மரத்துப்போய் அழுகவும் கூடும். பால் வெட்டுகின்றவருக்குக் கை போனால் என்ன மிஞ்சும்? வீக்கமும் கடும் வலியும் இருந்து, கையை அசைக்கவோ காலை ஊன்றவோ இயலாவிடில், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வரையில் எவரும் இழுத்துவிடலாகாது. அசையாமல் தாங்குகட்டுப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே முறை.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. வேலையில் நேர்ந்த காயத்தை வீட்டிலேயே தடவி மறைத்துவிட்டால், சட்டம் அளிக்கும் உரிமை நழுவிப்போகும். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ நிறுவனம் வேலை விபத்துக்கு மருத்துவ உதவியும், தற்காலிக அல்லது நிரந்தர இயலாமைக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. விபத்து பற்றித் தெரிவிக்கப்பட்டதும் 48 மணி நேரத்திற்குள் முதலாளி அதனைச் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே விழுந்த அன்றே கங்காணியிடமோ அலுவலகத்திலோ சொல்லுங்கள். மருத்துவரிடம் எந்த இடத்தில், எப்போது, எப்படி விழுந்தீர்கள் என்று கூறிப் பதிவு செய்யுங்கள். சொக்சோ சந்தாதாரர்களின் மறுவாழ்வுக்கென மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நம் மாநிலத்தாருக்கு அது தொலைவன்று.

வேறு சில நிலைகளையும் மனத்தில் கொள்வோம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சிவந்து சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதனை அழுத்தினால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இந்த ஆபத்து மிகுதி. காய்ச்சல் உள்ளபோதும், புண்ணும் கொப்புளமும் உள்ள இடத்திலும் தேய்த்தல் ஆகாது. நீரிழிவினால் பாதம் மரத்தவருக்குச் சூட்டுக்கல் வைத்தால், சுடுவதே தெரியாமல் வெந்துபோகும். கழுத்தைச் சட்டெனத் திருப்பி 'மளுக்' என்று ஒலி எழச் செய்வதனால், கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. முடிவெட்டும் கடையிலும் இதற்கு இடம்கொடாதீர். இடுப்பு வலியோடு கால் மரத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

குழந்தைகள் பற்றித் தாய்மாருக்கு ஒரு சொல். மெல்ல எண்ணெய் தடவி நீவுவது குழந்தைக்கு நல்லது. தாய்க்கும் சேய்க்கும் அன்பு வளர்க்கும். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கர்ப்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தைக்குப் பூசாதீர். உரம் எடுப்பது என்று துணியில் இட்டு உருட்டுவதும், குடலேற்றம் என்று வயிற்றைத் தட்டுவதும் வேண்டாம். ஓயாமல் அழுது வாந்தியெடுக்கும் குழந்தைக்குக் குடல் ஒன்றனுள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம். அதற்கு வேண்டியது மருத்துவமனை.

எங்கே செல்வது?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவ முறைகள் அதில் இடம்பெற்றுள்ளன. இந்திய முறையினுள் சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கும். 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் முதற்பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் ஏற்பட்டன. நம் மாநிலத்தில் போர்ட் டிக்சன் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. தம்பின், ரெம்பாவ், ஜெம்போல், கோலப்பிலா வட்டாரத்தில் உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்தில் தம்மைக் காட்டி, மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்று கேட்டறியலாம். தனியாரிடம் செல்வோர், அவர் எங்கே பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கைக்காரர் அக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார். தம்மால் ஆகாத நோவை மருத்துவரிடம் அனுப்பவும் தயங்கமாட்டார்.

வீட்டில் செய்யத்தக்கவை

வெட்டு முடிந்து வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி மற்றொரு கையின் பெருவிரலால் மெல்ல நீவுங்கள். பெருவிரலின் அடிச்சதையைப் பிசைந்துவிடுங்கள். தோளின் மேற்சதையை எதிர்க்கையால் பற்றி, மூச்சை வெளிவிட்டவாறே அழுத்தி விடுங்கள். இதமான வலி இருக்கலாம். குத்தும் வலி இருந்தால் நிறுத்துங்கள். மங்கை எடுக்கும்போது இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடியுங்கள். காண்டாவைத் தோள் மாற்றிச் சுமப்பது நலம். உளியைக் கூராக வைத்திருங்கள். மழுங்கிய உளி மரத்தையும் கெடுக்கும், மணிக்கட்டையும் கெடுக்கும். இந்த எளிய பழக்கங்கள் கைக்கொள்ளப்படின் பிடித்துவிட வேண்டிய நோவே பாதி குறையும்.

பெரியோர்களே, களைப்பைத் தீர்க்கும் கை நம் வீட்டிலேயே உள்ளது, அதனைப் போற்றுவோம். முறிவையும் உறைவையும் தீர்க்கும் கை மருத்துவமனையில் உள்ளது. அதனை நாடத் தயங்காதிருப்போம். எந்த நோவை எந்தக் கையிடம் ஒப்படைப்பது என்று பகுத்தறிந்து நடப்போமாயின், உழைக்கும் நம் கைகள் முதுமை வரை நமக்கே துணை நிற்கும்.