பிள்ளையை ஏற்றிச் செல்பவரிடம் சொல்ல வேண்டியவை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் படிப்பதற்குப் பிள்ளை முதலில் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் அல்லவா? ஆகவே, பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்வதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அந்த நாளில் நம் தாய்மார்கள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். சும்மா விட்டுவிட்டா போனார்கள்? "ஆயா, இது பாலு, இது மருந்து. ராத்திரி லேசா காய்ச்சல் அடிச்சுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மலையேறினார்கள். ஆயா அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்வது தாயின் கடமை என்று அவருக்குத் தெரியும்.

இன்று அதே பிள்ளையைப் பெரியப்பா காரில், மாமா காரில், பக்கத்து வீட்டு அண்ணன் வேனில் ஏற்றி அனுப்புகிறோம். தாப்பாவில் கல்யாணம், ஈப்போவில் தீபாவளிச் சாமான், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் தடுப்பூசி என்று காரணங்கள் பல. அப்போது மட்டும் நம் வாய் அடைத்துப்போகிறது. "உதவி செய்றவங்க கிட்ட போய் எப்படிங்க சொல்றது? தப்பா நெனைச்சுக்குவாங்களே!" என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நம் மலைப்பாதை எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினால் வளைவுக்குப் பின் வளைவு. மழை, பனிமூட்டம், மண்சரிவு, காய்கறி லாரி, பள்ளி விடுமுறையில் சுற்றுலாப் பேருந்து. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய்ப் பாதையில் தாய்லாந்துப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"நான் மடியிலே இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. அன்பில் குறையில்லை. ஆனால் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத உடல் ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான வேகத்தில் முன்னே பாய்கிறது. அந்த நொடியில் 10 கிலோ குழந்தை, 300 கிலோவுக்கு மேல் இழுக்கும். 50 கிலோ உர மூட்டை ஆறு! எந்தக் கை அதைப் பிடிக்கும்? தாயும் பெல்ட் போடாமல் இருந்தால், அவர் உடலே பிள்ளையை நசுக்கிவிடும்.

அதனால்தான் குழந்தைக்கென்று தனி இருக்கை செய்தார்கள். அதை முறையாகப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் மரணம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் தனியார் கார்களில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இது சட்டம். முன் இருக்கை பெல்ட் 1979-லும், பின் இருக்கை பெல்ட் 2009-லும் சட்டமானபோது, நாம் முணுமுணுத்தாலும் பழகிக்கொள்ளவில்லையா? இதுவும் பழகிவிடும்.

செய்ய வேண்டியவை சிலதான். கைக்குழந்தையின் தலை கனம், கழுத்து இளசு. எனவே ஒன்றேகால் வயதாவது ஆகும்வரை காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே உட்கார வைக்க வேண்டும். அந்த இருக்கையைக் காற்றுப்பை வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கொடுக்கும் இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே போக வேண்டும்; கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெல்ட் கூடாது.

நம் ஊர்க் குளிருக்கு ஒரு சங்கதி. தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் வாரைக் கட்டினால் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், மோதலில் தளர்ந்துவிடும். முதலில் வாரைக் கட்டுங்கள். பிறகு போர்வையைப் போர்த்துங்கள். வளைவிலே பிள்ளை வாந்தி எடுத்தால், ஓடுகிற வண்டியிலேயே அவிழ்த்து மடிக்கு எடுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளை பக்கத்தில் முட்டைக்கோசுக் கூடையையும் சாமான் மூட்டையையும் கட்டாமல் அடுக்காதீர்கள். லேண்ட்ரோவரின் பின்தட்டில் பிள்ளைகளை ஏற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

"அதை வாங்கப் பணத்துக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அண்ணன் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன இருக்கையைத் தம்பி பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதில் ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற தர முத்திரை இருக்கிறதா, அது விபத்தில் சிக்கியதா, விரிசல் உண்டா என்று பாருங்கள். எங்கிருந்து வந்ததென்று தெரியாததை வாங்காதீர்கள்.

இனி, எப்படிச் சொல்வது? மரியாதையாகவே சொல்லலாம். "மாமா, பாப்பா சீட்டை நானே பின்னாலே மாட்டிடறேன். எறங்குற வரைக்கும் பெல்ட்டை அவுக்காதீங்க." இவ்வளவுதான். அவர் முகம் கொஞ்சம் மாறினால், "உங்க மேலே நம்பிக்கை இல்லாம இல்லே மாமா. எதிரே வர்றவனை நம்ப முடியலையே!" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

கார் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். "பிள்ளையைக் கட்டியாச்சா?" என்று நீங்களே கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். அந்த ஒரு கேள்வி, பெற்ற தாயின் தயக்கத்தைத் தீர்த்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் வாய் உண்டு. "தாத்தா, நான் பெல்ட் போட்ட பெறகு காடியை எடுங்க" என்று சொல்லுங்கள். தம்பி தங்கைக்கும் போட்டுவிடுங்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பொன்னை ஒருவரிடம் கொடுக்கும்போது எண்ணிக் கொடுக்கிறோம், சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளையையும் அப்படியே சொல்லிக் கொடுப்போம். உறவு அதனால் முறிந்துவிடாது.