நல்லெண்ணம் மட்டும் போதுமா?



நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பவர் வைத்தியப் பரீட்சையில் தேறியவராயிருத்தல் வேண்டும். நீதிமன்றத்திலே வழக்குப் பேசுபவர் சட்டம் கற்றுச் சத்தியப்பிரமாணம் செய்தவராயிருத்தல் வேண்டும். பேருந்து ஓட்டும் சாரதியிடத்தும் அனுமதிப்பத்திரம் உண்டோ என்று பொலிசார் வினவுகின்றனர். ஆனால், முந்நூறு பிள்ளைகள் கூடியிருக்கும் பாடசாலை மண்டபத்திலே போதைப்பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வருபவரிடம், "ஐயா, இப்பணிக்குத் தாங்கள் கற்றது என்ன?" என்று எவரும் கேட்பதில்லை. நல்ல காரியத்துக்கு வந்திருக்கின்றார். அது போதும் என்று யாவரும் அமைந்துவிடுகின்றனர். அது போதுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அவ்வாறு வருபவர் பெரும்பாலும் செய்வது யாது? மேசையின்மீது சில பொருள்களையோ படங்களையோ பரப்பி, இது இன்ன பெயருடையது, இதனை இன்னவாறு பாவிப்பர் என்று விளக்குகின்றார். கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டுகின்றார். ஒருகாலத்தில் அப்பழக்கத்துக்கு ஆளாகி மீண்ட ஒருவர் எழுந்து தம் வாழ்க்கைக் கதையைக் கூறுகின்றார். பிள்ளைகள் மூச்சடக்கிக் கேட்கின்றனர். இறுதியில் நன்றியுரை, யாவர்க்கும் மனநிறைவு. ஆயின், மண்டபத்தை விட்டு வெளியேறும் பிள்ளை எதனைக் கொண்டு செல்கின்றது? அச்சம் சில நாளில் தணிந்துவிடும். அதுவரை கேட்டறியாத ஒரு பெயரும், அதனைப்பற்றிய ஆவலும் நெஞ்சில் எஞ்சுதல் கூடும். கதை சொன்னவரோ நலமாக மேடையில் நிற்கின்றார். "அவர் மீண்டுவிட்டாரே, நாமும் மீளலாம்" என்று ஓர் இளம் மனம் கணக்கிடுமாயின், அதனைத் தவறென்று எவ்வாறு கூறுவது?

இது வெறும் ஐயப்பாடன்று. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றச்செயல் தொடர்பான அலுவலகம் 2013 ஆம் ஆண்டில் தடுப்புப் பணிக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. 2018 இல் உலக சுகாதார நிறுவனமும் உடனிணைந்து அவற்றின் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தது. பயன் தராத, சிலவேளை தீங்கே விளைக்கின்ற முறைகளோடு தொடர்புடையவை என்று அந்நியமங்கள் குறிப்பவை எவை? வெறும் விரிவுரை, அச்சமூட்டும் தகவல், ஒழுங்கமைவற்ற கலந்துரையாடல், முன்னாள் பாவனையாளரின் சாட்சியம், பொலிஸ் உத்தியோகத்தரைக் கொண்டு பாடம் நடத்துதல் என்பவையே. பாடசாலைகளிலே மிக எளிதாக ஒழுங்குசெய்யப்படுபவையும் இவையே.

அமெரிக்காவிலே நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. 1983 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'டெயர்' என்னும் பெயரிலே ஒரு திட்டம் தோன்றியது. சீருடை அணிந்த பொலிஸ் உத்தியோகத்தர் வகுப்பறைக்கு வந்து, போதைப்பொருளை மறுக்கும் வகையைக் கற்பித்தனர். பெற்றோர் மகிழ்ந்தனர், திட்டம் நாடெங்கும் பரவியது. ஆயின், அதனைப்பற்றிய ஆய்வுகளை 1994 இல் ஒருங்குசேர்த்து நோக்கியபோது, போதைப்பொருட் பாவனையை அது குறைத்த அளவு மிகச் சிறிதென்று தெரிந்தது. பத்தாண்டு கழித்து அம்மாணவரை மீண்டும் கண்டு ஆராய்ந்து 1999 இல் வெளியான அறிக்கையும், பயின்றவருக்கும் பயிலாதவருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பின்னர் 2009 இல் அத்திட்டத்தார் பழைய பாடத்தைக் கைவிட்டு வேறொன்றை மேற்கொண்டனர். அவ்வுத்தியோகத்தரின் நல்லெண்ணத்தில் யாதொரு குறையும் இல்லை. முறையிலேதான் குறை இருந்தது.

இனி, பயன் தந்த முறையொன்றைக் காண்போம். பால்ட்டிமோர் நகரத்துப் பாடசாலைகளிலே 1985 முதல் முதலாம் வகுப்புச் சிறுவரிடையே ஒரு விளையாட்டு பரீட்சிக்கப்பட்டது. வகுப்பு சில அணிகளாகப் பிரிக்கப்படும். இடத்தை விட்டு ஓடாதிருத்தல், பிறரை அடியாதிருத்தல் முதலிய சில விதிகள் முன்கூட்டியே சொல்லப்படும். விதியை மீறுந்தோறும் அணிக்கு ஒரு குறி இடப்படும். குறி குறைவாகப் பெற்ற அணிகள் யாவும் சிறு பரிசு பெறும். ஆகவே, ஒவ்வொரு பிள்ளையும் தன் அணிக்காகத் தன்னை அடக்கப் பழகுகின்றது. இவ்விளையாட்டிலே போதைப்பொருள் என்ற சொல்லே இல்லை. இருந்தும், அச்சிறுவர் பத்தொன்பது, இருபது வயதை எய்தியபின் ஆராய்ந்தபோது, சிறுவயதில் மிகுந்த முரட்டுத்தனம் காட்டிய ஆண்பிள்ளைகளிடையே, இவ்விளையாட்டில் பயின்றவர்கள் போதைக்கு அடிமையானது குறைவென்று கண்டனர். ஆறு வயதிலே அடக்கம் பழகியது இருபது வயதிலே காவலாயிற்று.

இங்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. தடுப்பு என்பது கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழில். எவ்வயதில் எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாதிருப்பது, பெற்றோரிடத்துச் செய்யவேண்டியது யாது, செய்தது பயன்பட்டதா என்று அளப்பது எங்ஙனம் என்பனவெல்லாம் இயல்பாக வருவனவல்ல. முன்னாளிலே கிராமத்து மூதாட்டியரே பிரசவம் பார்த்தனர். அவரிடத்து அன்புக்குக் குறைவில்லை. இருந்தும், பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவிச்சியர் வந்தபின்னரே தாயும் சேயும் பிழைப்பது பெருகிற்று.

இக்கருத்தினாலேயே தடுப்புப் பணியாளருக்குத் தகுதிச் சான்று வழங்கும் முறை எழுந்தது. இத்துறையினருக்குச் சான்று வழங்கும் சபைகளின் கூட்டமைப்பொன்று 1981 இல் அமெரிக்காவிலே தோன்றியது. அது வகுத்துள்ள அளவுகோலின்படி, தடுப்பு நிபுணர் என்ற சான்றை நாடுபவர் குறைந்தது 2000 மணி நேரம் களப்பணி ஆற்றியிருத்தல் வேண்டும். 120 மணி நேரக் கல்வியும், 120 மணி நேரம் மூத்தோர் மேற்பார்வையிலே பெற்ற பயிற்சியும் வேண்டும். அக்கல்வியில் 6 மணி நேரமாவது தொழில் ஒழுக்கத்துக்கு உரியது. பின்னர் 150 வினாக்கள் கொண்ட பரீட்சையில் தேறி, ஒழுக்கக் கோவையிலும் கையொப்பமிடல் வேண்டும். ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. அக்கணக்கின்படி 2000 மணி நேரம் உழைத்தவரை முழு வைத்தியர் என்றே கொள்ளலாம்! அதுவும் நிலையானதன்று. இரண்டாண்டுக்கொருமுறை 40 மணி நேரம் புதிதாகக் கற்றே சான்றைப் புதுப்பித்தல் வேண்டும்.

இம்முயற்சியிலே கொழும்பு நகருக்கும் ஒரு பங்குண்டு. 1950 ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த மகாநாட்டிலே கருக்கொண்டு, இந்நகரையே தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம், 1973 இல் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவொன்றை ஆரம்பித்தது. 2009 இல் இத்துறைப் பணியாளரைப் பயிற்றிச் சான்று வழங்குதற்கென ஒரு நிலையத்தையும் நிறுவியது. தடுப்புப் பணிக்கெனப் பொதுப் பாடத்திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. குடும்பம், பாடசாலை, தொழிலிடம், சுற்றாடல், ஊடகம் என ஒவ்வொன்றுக்கும் அதிலே தனிப் பிரிவுண்டு.

இதற்கு மறுப்பும் உண்டு. "ஊரார் நம்பும் தொண்டர் ஒருவர் இருக்கின்றார். ஆங்கிலம் அறியார், பரீட்சைக் கட்டணம் செலுத்த வழியில்லை. அவரைச் சான்று இல்லையென்று ஒதுக்குவது நியாயமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ஊரின் நம்பிக்கையை எந்தப் பரீட்சையும் வழங்காது. அன்றியும், சான்று பெற்றவர் யாவரும் சிறந்தவர் என்பதற்கும் உறுதியில்லை. ஆதலால் செய்யவேண்டியது, அத்தொண்டரைப் பயிற்சியின் வாயிலுக்கு அழைத்துச் செல்வதே. பாடமும் பரீட்சையும் அவர் பேசும் தமிழிலே கிடைத்தல் வேண்டும். அவர் ஆற்றிய பணி மணிக்கணக்கிலே சேர்த்துக்கொள்ளப்படல் வேண்டும். கட்டணம் அவர்மீது சுமையாதல் ஆகாது. பழக்கத்திலிருந்து மீண்டவரின் அனுபவமும் வீணன்று. சிகிச்சை பெறுபவருக்குத் துணைநிற்பதிலே அதற்கு உயர்ந்த இடமுண்டு.

சான்று என்பது பணியாளரின் மார்பிலே குத்தும் பதக்கமன்று. அவர்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அளிக்கப்படும் உத்தரவாதம். தீங்கு செய்யேன், பிள்ளை நம்பிச் சொன்ன இரகசியத்தை வெளியிடேன், அறியாததை அறிந்ததாகக் காட்டேன் என்ற உறுதி அதிலே அடங்கியுள்ளது.

ஆகவே பெற்றோரும் அதிபரும், பாடசாலையில் இத்தகைய நிகழ்ச்சியொன்று ஒழுங்காகும்போது, வருபவரிடம் நான்கு வினாக்களை மரியாதையோடு கேட்கலாம். இப்பணிக்கு எங்கே பயின்றீர்கள்? இம்முறை இவ்வயதுப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டதென்பதற்குச் சான்று யாது? ஒருநாளோடு முடியாது தொடர்ந்து வருவீர்களா? பிள்ளை ஒன்று தனியே வந்து உதவி கேட்டால் என்ன செய்வீர்கள்? பயிற்சியுள்ளவர் இவற்றைக் கேட்டு மகிழ்வார். விடையளிக்கத் தடுமாறுபவரை உபசரித்துத் தேநீர் அருந்தச் செய்யலாம். வகுப்பறையை மட்டும் சிறிதுகாலம் பொறுத்து அவர்க்குத் திறக்கலாம்.