உடம்பில் வலு ஏற எத்தனை தடவை தூக்க வேண்டும்?

(வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவினர் பேசியது)



பயிற்சி என்றதும் உங்களில் பலர் கேட்பீர்கள்: "விடிஞ்சா களை எடுக்கிறோம், குடம் சுமக்கிறோம். இதுக்கு மேல என்ன பயிற்சி?" நியாயமான கேள்விதான். ஆனால் பத்து வருஷமாகத் தூக்கும் அதே குடத்துக்கு உடம்பு எப்போதோ பழகிவிட்டது. அலுப்பு வரும், வலு கூடாது. பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால்தான் தசை வளரும். முப்பது, நாற்பது வயதுக்குமேல் தசை தானாகவே குறைந்துகொண்டும் வரும். தரையில் இருந்து எழும்போது கையை ஊன்றுகிறோமே, பல பேருக்குத் தொடையில் வலு குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வயசாகிப் போச்சே என்று நினைக்க வேண்டாம். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்த ஆய்வு வெளிவந்தது. எட்டே வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையும் சுமார் 9 சதவீதம் பெருத்தது.

சரி, எவ்வளவு முக்க வேண்டும்? இதில்தான் குழப்பம். சிலர் நாலு தடவை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் கை நடுங்கி விழும்வரை விடமாட்டார்கள். இரண்டும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறோம் என்று வையுங்கள். ஒன்பது, பத்து வரும்போது வேகம் தானாகக் குறையும், கால் கனக்கும். அப்போது "இன்னும் எத்தனை முடியும்?" என்று உங்களையே கேளுங்கள். இரண்டு, மூன்றுதான் முடியும் என்றால் நிறுத்துங்கள், அது போதும். இன்னும் ஆறேழு முடியும் என்றால் அந்தச் சுற்று தசைக்கு உறைக்கவே இல்லை என்று அர்த்தம். ஒன்றுகூட முடியாத அளவுக்குப் போனால் லாபம் கொஞ்சம், நஷ்டம் அதிகம். முதுகு கோணும், மூணு நாள் கால் வலிக்கும், கூலி வேலைக்குப் போக முடியாது. கட்டமுடியாத கடன் மாதிரிதான்.

ஒரு விஷயம். புதிதாகச் செய்பவர்கள் "அவ்வளவுதான், முடியல" என்று சீக்கிரமே நினைத்துவிடுவார்கள். உண்மையில் இன்னும் நாலைந்து மிச்சம் இருக்கும். அதனால் சுவரில் கை வைத்துத் தள்ளும் பயிற்சியை ஒரே ஒரு நாள் நிஜமாகவே முடியாதவரை செய்து பாருங்கள். விழப் பயமில்லை, உங்கள் அளவும் தெரிந்துவிடும்.

கனமாகத்தான் தூக்க வேண்டும் என்பதும் இல்லை. லேசான எடையே ஆனாலும் களைப்பு வரும்வரை செய்தால் தசை வளரும், எண்ணிக்கை மட்டும் கூடும். வீட்டில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இருக்குமே, அது போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு லிட்டரில் ஆரம்பித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். பன்னிரண்டு தடவை சுலபமானதும் இன்னும் அரை லிட்டர் ஊற்றுங்கள்.

எத்தனை சுற்று? 1945-இல் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பத்துத் தடவை கொண்ட சுற்றுகளாக ஏழு முதல் பத்து சுற்று செய்ய வைத்தார். 1948-இல் அவரே அது அதிகம் என்று மூன்றாகக் குறைத்துவிட்டார். நமக்கும் இரண்டு, மூன்று சுற்று தாராளம். வாரத்தில் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள், தசை வளர்வது ஓய்வில்தான். நடவு, அறுப்பு நாட்களில் ஒரு சுற்றோடு விட்டால்கூடத் தப்பில்லை. முட்டையோ சுண்டலோ கடலையோ தட்டில் இருக்கணும். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு நாம் ரசத்தோடு எழுந்துவிடுகிறோம், அது சரியில்லைங்க.

தூக்கும்போது மூச்சை விடுங்கள், தம் கட்டாதீர்கள். கர்ப்பப்பை இறக்கம், ரத்தக் கொதிப்பு, நெஞ்சு வலி, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும், சமீபத்தில் பிரசவம் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். கர்ப்பப்பை இறக்கத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே வருகிறோம்.

நாற்காலியும் கேனும் முன்னால் வைத்திருக்கிறோம். யாராவது ரெண்டு பேர் வாங்க, செய்து பார்ப்போம்.