மோட்டாரை முகர்ந்தா பார்க்க முடியும்?

நடுவர் அவர்களே! "பார்த்து வாங்காதது வாங்குறவங்க குத்தம்"னு எதிரணி நண்பர் சொன்னார். ஐயா, வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்க்கலாம், முலாம்பழத்தை முகர்ந்து பார்க்கலாம். மிக்சிக்குள்ள இருக்கிற மோட்டாரை என்ன பண்றது? (கைதட்டல்)

எங்க வீட்டுக்கு மிக்சி வந்த மூணாம் நாள் சட்னி வரல, புகைதான் வந்தது. கடைக்காரர் பில்லைத் திருப்பிக் காட்டினார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." என் மனைவி அசையவில்லை. "அண்ணே, குறையுள்ள பொருளை பில்லில் போட்ட காலத்துக்குள்ள, காலமே போடலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்" என்றாள். சாயங்காலமே வேற மிக்சி வந்தது. தொல்காப்பியம் நடத்துகிற நான் பையைத் தூக்கிக்கொண்டு நின்றதோடு சரி!

அவர் மறுத்திருந்தால்? நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மூணு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டம் சொல்லுது. வழக்கு இழுக்கிறதும் உண்டு, அதை நான் மறைக்கல.

"பில் எங்கே?"ன்னு நண்பர் கேட்கப் போகிறார். பில் தராமல் விற்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான் ஐயா!