முப்பது ரூபாய்க் கணக்கு

(கழக்கூட்டத்தில் நடந்த நமது சங்கப் பொதுக்குழுவில், செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசிக்கும் முன்பு, அந்த நோட்டில் ஏறாத இன்னொரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நம்முடைய தவறைப் பற்றிய கணக்கு. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், இங்கே எழும்பிக் கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து நம் கொத்தனார் ஒருவர் விழுந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கான்ட்ராக்டரிடம் போனோம். "இந்த ஆள் பெயர் என் மஸ்டரில் இல்லை, மேஸ்திரியைக் கேளுங்கள்" என்றார். மேஸ்திரியின் போன் அணைந்து கிடந்தது. வழக்கம்போல நாம் துண்டை ஏந்தினோம். தேய்ப்பு வண்டிக்காரர், பழைய இரும்பு பொறுக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார் என்று எல்லோரும் கொடுத்தார்கள். பொழுது விடிவதற்குள் வண்டிச் செலவு சேர்ந்தது. களியக்காவிளை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக உடலை ஊர் சேர்த்தோம். நம் கடமையைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவோடு திரும்பினோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அந்த அம்மாள் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, பதினோரு வருசமா அங்கதான வேலை பாத்தாவ. அங்க எங்கயாவது அவுக பேரு எழுதியிருக்கா?"

திரும்பி வந்து தேடினோம். அவர் பெயர் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், நம்முடைய வசூல் நோட்டு. அதற்கு முன் நடந்த இரண்டு சாவுகளுக்கு அவர் நூறு நூறு ரூபாய் கொடுத்திருந்தார்.

தோழர்களே, இப்போது கணக்குக்கு வருவோம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று கேரள அரசு 2010 ஆம் ஆண்டு ஒரு நலத்திட்டம் தொடங்கியது. இந்த வகையில் இந்தியாவிலேயே முதல் திட்டம் அது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் பொறுப்பில் விடப்பட்டது. தொடங்கியபோது தொழிலாளி கட்ட வேண்டிய சந்தா ஆண்டுக்கு 30 ரூபாய். மருத்துவ உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. 2017ல் 'ஆவாஸ்' என்ற பெயரில் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அறிவித்தபோது 15,000 ரூபாய் வரை சிகிச்சை, விபத்தில் இறந்தால் 2 லட்சம் என்றார்கள். 2021 ஆகஸ்ட் 26 அன்று மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 'இ-ஷ்ரம்' பதிவைத் தொடங்கியது. இன்று அதில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இத்தனையும் இருந்தும் நம் கொத்தனார் எதிலும் இல்லை. மூன்று சாவுகளுக்குத் துண்டு ஏந்தத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருந்த ஒருவருக்கு முப்பது ரூபாய்ப் படிவம் ஒன்றை நிரப்பித் தரத் தோன்றவில்லை. கான்ட்ராக்டர் குற்றவாளிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைச் சுலபமாக்கிக் கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

நம் ஆட்கள் ஏன் கணக்கில் விழுவதில்லை? பக்கத்து ஸ்ரீகாரியத்தில் இருக்கும் குலாத்தி நிறுவனம் 2013ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நீண்ட தூர ரயில்களில் ஏறி, வருகிற தொழிலாளர்களை எண்ணிக் கணக்கிட்டார்கள். கேரளத்தில் சுமார் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பதாக மதிப்பிட்டார்கள். நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் ரயில்வேயில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒன்று தெரியும். நாகர்கோவில் பாசஞ்சரில் தொங்கிக் கொண்டு வந்து இறங்குகிற நம் சித்தாள், நீண்ட தூரப் பயணி அல்ல. அவர் கையில் இருக்கும் முன்பதிவில்லா டிக்கெட்டில் பயணியின் பெயர் இருக்காது. வேலையிடத்திலும் பெயர் இல்லை. வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டுக்கு எழுத்து இல்லை. தேர்தலுக்கு ஊர் போய்விடுவதால் இங்கே வாக்கும் இல்லை. இந்த ஊரில் நம்மை 'அண்ணாச்சி' என்பார்கள், கோபம் வந்தால் 'பாண்டி' என்பார்கள். இரண்டுமே நம் பெயர் அல்ல.

2020 மார்ச் 25 அன்று நாடு பூட்டப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. களியக்காவிளையில் எல்லை அடைந்தது. கேரள அரசு சமூக சமையலறை வைத்துச் சோறு போட்டது. நம்மை 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி என்று அழைத்தது. மற்ற பல மாநிலங்களில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்தே செத்தபோது, இங்கே இலை போட்டார்கள். அந்த நன்றியை மறக்க மாட்டோம். ஆனாலும் விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளி? தலைமுறை தலைமுறையாக இங்கே கிணறு வெட்டி, சுவர் எழுப்பி, துணி தேய்த்து வாழ்கிறவர்களுக்கு வேண்டியது வரவேற்பு அல்ல, பதிவேட்டில் ஒரு வரி.

அந்த வரி கருணையால் வந்ததல்ல என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். 1972ல் அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் தலைச்சுமைப் பெண்களையும் கைத்தொழில் பெண்களையும் சேர்த்துச் 'சேவா' சங்கத்தைப் பதியப் போனபோது, "உங்களுக்கு முதலாளி இல்லையே, சங்கம் எதற்கு?" என்று அதிகாரிகள் தயங்கினார்கள். வாதாடித்தான் பதிந்தார்கள். 1974ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்கள் வங்கியைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 1979ல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1982ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985ல் கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கேட்டு நாடு தழுவிய பிரச்சாரக் குழு அமைந்தபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், 1957 கேரள அமைச்சரவையில் இருந்தவர். சென்னைச் சித்தாளும் கேரள நீதிபதியும் சேர்ந்து கேட்ட சட்டம் 1996ல் கிடைத்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளருக்கென்று வசூலாகத் தொடங்கியது. தமிழன், மலையாளி என்று நம்மைப் பிரிக்கப் பார்க்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பதிவு இல்லாதவனுக்குப் பயன் இல்லை என்ற நிலை மாறவில்லை.

வசூலான பணம் என்ன ஆயிற்று? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைக் கேட்டு அதிர்ந்தது. நாடு முழுவதும் 37,400 கோடிக்கு மேல் வசூல், செலவானது சுமார் 9,500 கோடி. மீதி கிடக்கிறது. இதற்கிடையே நம்மவர் ஒருவரின் உடலை ஊருக்கு அனுப்ப, தேய்ப்பு வண்டிக்காரர் தன் சட்டைப் பையைத் துழாவுகிறார். இது எந்த ஊர் நியாயம்?

"படிவம் எழுதுவதா சங்கத்தின் வேலை? போராட்டம் அல்லவா நடத்த வேண்டும்?" என்று நம்மில் சில தோழர்கள் கேட்கிறார்கள். இன்னும் சிலர், "ஓணத்துக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கிறோமே, அது போதாதா?" என்கிறார்கள். இரு சாராருக்கும் பணிவோடு சொல்கிறோம். பெயரே இல்லாத ஆளுக்காகப் போராட முடியாது. தொழிலாளர் அலுவலகத்தில் "யார் வேலை பார்த்தார், எத்தனை நாள்?" என்று கேட்டால் காட்டக் கையில் தாள் வேண்டும். சேலை ஓர் ஆண்டில் கிழியும். கொடுத்தவர் படத்தில் நிற்பார், வாங்கியவர் தலை குனிந்து நிற்பார். ஊரார் அதைச் சமூக சேவை என்பார்கள். ஒரு தொழிலாளி அரைநாள் கூலியை விட்டுவிட்டு அட்சயா மையத்துக்கு வரும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளப் படிவத்தை வாசித்துச் சொல்வதும் சேவைதான். அதைப் படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள்.

நம் ஆட்களின் அச்சமும் நமக்குத் தெரியும். பெயர் கொடுத்தால் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்துவார் என்கிறார்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் நிறுத்துவார். நாற்பது பேரும் ஒரே நாளில் கொடுத்தால், மறுநாள் கான்கிரீட் போட அவருக்கு ஆள் வேண்டுமே!

ஆகவே இந்த ஆண்டு செய்யப் போவதைச் சொல்கிறோம். முதலாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன நோட்டு. எந்தத் தளத்தில், யாருக்குக் கீழ், எத்தனை நாள் வேலை என்று தினமும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். கட்டடத் தொழிலாளியாகப் பதிய, கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த நோட்டு அதற்கு ஆதாரம் தேட வழி காட்டும். இரண்டாவது, இங்குள்ள பதிவு, ஊரில் உள்ள தமிழ்நாட்டு நல வாரியப் பதிவு, இ-ஷ்ரம் அட்டை மூன்றையும் வீடு வீடாகச் சரிபார்ப்போம். விட்டுப் போனதைப் புதுப்பிப்போம்.

மூன்றாவது ரேஷன். தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். உங்கள் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் 'பி.எச்.எச்.' என்றோ 'பி.எச்.எச். - ஏ.ஏ.ஒய்.' என்றோ இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்து மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை வாங்கலாம். 'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் அது இங்கே செல்லாது. ஊரில் வாங்கும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. ஒரே நாடு என்கிறார்கள், ஆனால் கார்டில் நான்கு எழுத்து இருக்கிறவருக்கு எல்லையைத் தாண்டியதும் கடை அடைந்துவிடுகிறது. எந்தெந்தக் குடும்பம் அப்படி விடுபட்டிருக்கிறது என்று பட்டியல் எடுத்து, இரண்டு மாநில அரசுகளிடமும் கேட்போம். நாம் நடத்த வேண்டிய போராட்டம் அங்கே இருக்கிறது. அதற்கும் முதலில் வேண்டியது பட்டியல்தான்.

துண்டை மடித்து வைத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நாளைக்கே ஒரு சாவு நேர்ந்தாலும் துண்டை ஏந்துவோம். தோளோடு தோள் நிற்கிற அந்தப் பழக்கம்தான் நம்மை இதுவரை காப்பாற்றியது. ஆனால் துண்டை எடுக்கும் முன் பதிவேட்டைப் பார்க்கும் சங்கமாக நாம் மாற வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு சங்க அறையில் மேசை போடுகிறோம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டு வாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. பக்கத்து அறையில் புதிதாக யாராவது வந்து தங்கியிருந்தால் அவரையும் விடாதீர்கள்.

வள்ளியூர் அம்மாளுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருடைய கணவருக்கு இனி நம்மால் பெயர் எழுத முடியாது. இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற உங்கள் ஒவ்வொருவருக்கும் எழுத முடியும்.

இனி வரவு செலவுக் கணக்கை வாசிக்கிறோம்.