பதவி ஓர் அமானிதம்
(பொன்விழா நிகழ்வில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நம் சங்கம் 1974-இல் தொடங்கியது. அதே ஆண்டில் இந்நாட்டில் ஒருவர் மிகப் பெரிய பொறுப்பை ஏற்றார். நாம் பொன்விழா காணும் இந்த 2024-இல், ஏப்ரல் 20-ஆம் தேதி, தம் 85-ஆவது வயதில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் முன்னாள் தேசிய போலீஸ் படைத் தலைவர் துன் முகமது ஹனிஃப் ஒமார். அவருடைய பணி வாழ்க்கையிலிருந்து நம் சங்கம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி இளைஞர் பிரிவினராகிய நாங்கள் பேச விரும்புகிறோம்.

1974 ஜூன் 7-ஆம் தேதி காலை, அன்றைய போலீஸ் படைத் தலைவர் டான்ஸ்ரீ அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூரில் அலுவலகம் செல்லும் வழியில் கம்யூனிஸ்டு கொலையாளிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். பெரியவர்கள் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும். காலியான அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டவர் ஹனிஃப் ஒமார். 1959-இல் போலீசில் சேர்ந்தவர். அப்போது வயது 35. இந்த மண்டபத்தில் எங்கள் பிரிவில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் இன்று அந்த வயதுதான்.

பொறுப்பேற்ற மறு ஆண்டே சோதனை மேல் சோதனை. 1975 ஆகஸ்டில் ஜப்பானிய செம்படையினர் ஜாலான் அம்பாங்கிலுள்ள ஏஐஏ கட்டடத்திற்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்தனர். அதே மாதம் தேசிய நினைவுச் சின்னம் வெடி வைத்துச் சேதப்படுத்தப்பட்டது. நவம்பரில் பேராக் மாநிலப் போலீஸ் தலைவர் ஈப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் நாற்காலியை விட்டு விலக எவருக்கும் காரணம் கிடைத்திருக்கும். இவர் விலகவில்லை. மூன்று பிரதமர்களின் கீழ் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணியாற்றினார். இந்நாட்டில் அந்தப் பதவியில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு எவருமில்லை.

எல்லாவற்றையும் புகழ்ந்து பேச நாங்கள் வரவில்லை. 1987 அக்டோபரில் நடந்த ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இசா சட்டத்தின் கீழ் விசாரணையின்றிப் பிடித்து வைக்கப்பட்டனர். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அப்போது போலீஸ் படைக்குத் தலைவர் இவரே. அந்தக் குடும்பங்களின் வேதனையை மறைத்துவிட்டு இவர் வரலாற்றைச் சொன்னால் அது நீதியாகாது.

ஆயினும் இரண்டு செயல்கள் எங்களைச் சிந்திக்க வைத்தன.

முதலாவது, 1989 டிசம்பர் 2. தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் மலாயா கம்யூனிஸ்டு கட்சியோடு அமைதி உடன்பாடு கையெழுத்தானது. மலேசியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களுள் இவரும் ஒருவர். தமக்கு முன்னிருந்த தலைவரைக் கொன்ற கட்சியின் எதிரில் அதே பதவியில் இருந்துகொண்டு அமர்வது எளிதா? அமர்ந்தார். அதன் பலனை வியாபாரிகளாகிய நாம் அனுபவிக்கிறோம். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டபோதும், பாதுகாப்புக் கருதி இரவில் மூடி வைத்திருந்தார்கள். இன்று வடக்கிலிருந்து கிளந்தானுக்கு நம் சரக்கு லாரி அந்தச் சாலையில் இரவிலும் போகிறது.

இரண்டாவது, அவர் ஓய்வு பெற்ற பின் நடந்தது. 55 வயது நிறைந்ததும், 1994 ஜனவரியில் பதவியை ஒப்படைத்தார். பத்தாண்டு கழித்து, போலீஸ் படையைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில் துணைத் தலைவரானார். 2005-இல் அந்த ஆணையம் 125 பரிந்துரைகளை வெளியிட்டது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனிச் சுதந்திர ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. தாம் இருபது ஆண்டுகள் ஆண்ட வீட்டின் கணக்கை வெளியார் பார்க்கட்டும் என்று சொன்ன அறிக்கையில் அவர் பெயரும் இருக்கிறது.

பதவி ஓர் அமானிதம். ஏற்க வேண்டிய நேரத்தில் ஏற்க வேண்டும். வைத்திருக்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். நேரம் வந்ததும் ஒப்படைக்க வேண்டும். இதையொட்டி மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: அடுத்த நிர்வாகத்தில் செயலாளர், பொருளாளர் ஆகிய இரண்டில் ஒரு பதவி நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு வேண்டும். பெரியவர் ஒருவர் ஓராண்டு பக்கத்தில் இருந்து சொல்லித் தரட்டும். கடையில் பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைத்துத்தானே நீங்கள் தொழில் பழக்கினீர்கள்? எங்கள் வயதினருக்கும் ஒரு சொல்: கடை அடைக்கவே பத்து மணியாகிறது என்பது உண்மை. இச்சங்கத்தைத் தொடங்கியபோது நம் வாப்பாமார்களுக்கும் கடை இருந்தது.

இரண்டு: சங்கக் கணக்கை வெளிக் கணக்காய்வாளர் ஒருவர் ஆண்டுதோறும் பார்த்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இது எவர் மீதும் சந்தேகத்தால் கேட்பதல்ல. கல்வி நிதிக்கு ஐம்பது ரிங்கிட் கொடுக்கும் தாய்க்கு நாம் செய்யும் மரியாதை.

மூன்று: பழைய தேர்தல் கசப்பில் விலகிப்போன குடும்பங்கள் சில உண்டு. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். பெருநாளன்று மட்டும் வேறு வேறு மண்டபம். துப்பாக்கி தூக்கியவர்களோடே ஒரு மேசையில் அமர முடிந்ததென்றால், நமக்கிடையில் இருப்பது எம்மாத்திரம்? இந்தப் பொன்விழா மலரை அந்த வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டாம். இளைஞர் பிரிவினர் நாங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பெரியவர்கள் இருவர் எங்களோடு வாருங்கள். ஸலாம் சொல்லிக் கதவைத் தட்டுவோம்.

மறைந்த துன் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் கையிலுள்ள அமானிதங்களைப் பேணும் பலத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.